சந்தைச் சுவரில் அர்த்தநாரியின் முகம்

மல்லசமுத்திரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தேவிப்ரியா கல்யாணப் படங்களுக்குப் பேர் போனவள். ஊரில் யாராவது இறந்தால், பழைய படத்திலிருந்து முகத்தை வெட்டிப் பெரிதாக்கி, கறுப்பு வெள்ளையில் சட்டம் போட்டுத் தருவதும் அவள்தான். பதினான்கு வருடமாக அதைச் செய்தவள் அந்தத் தவறைச் செய்திருக்கக் கூடாது.

காலநிலை மாற்றம் என்றாலே பனிக்கரடியைக் காட்டுகிறார்களே என்று எரிச்சல்படுவாள். இங்கே மழை இரண்டே நாளில் கொட்டித் தீர்த்து ஓடிவிடுகிறது. ஆழ்துளைக் கிணறான போர் வற்றினால் பக்கத்தில் இன்னொன்று துளைக்க ரிக் வண்டியைக் கூப்பிடுகிறார்கள். மரவள்ளி போடும் விவசாயி அர்த்தநாரி கூப்பிடவில்லை. வற்றிய போரைச் சுற்றிக் குழி வெட்டி, கல்லும் மணலும் நிரப்பி, ஓடுகிற மழைநீரை அதற்குள் திருப்பினார். இப்படிச் செய்த ஒன்பது பேரைப் படமெடுத்து, மழைக்காலம் தொடங்கும்வரை வாரச்சந்தைச் சுவரில் மாட்டினாள். அதற்குள் இன்னும் நாலு பேராவது குழி வெட்ட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

எட்டுப் படங்கள் வண்ணத்தில். அர்த்தநாரியின் முகச் சுருக்கங்கள் அழகாக விழுந்திருந்ததால், அவர் முகத்தை மட்டும் கறுப்பு வெள்ளையில், பெரிதாக வைத்து, குழி வெட்டிய விதத்தைக் கீழே எழுதினாள்.

சந்தைக்கு வந்தவர்கள் எட்டையும் தாண்டிப்போய் அதன் முன்னால் நின்றார்கள்.

"அட, அர்த்தநாரி போயிட்டாரா? நேத்துக்கூட வெத்தல வாங்குனாரே!"

யாரோ அதைக் கைப்பேசியில் பிடித்து அனுப்ப, இளம்பிள்ளையில் இருந்த அவர் மைத்துனர் காளிதாஸுக்கு அது போய்ச் சேர்ந்தது. அவர் போனில் கூப்பிட்டபோது அர்த்தநாரியும் மனைவி பாவாயியும் மரவள்ளிக் காட்டில் இருந்ததால் யாரும் எடுக்கவில்லை. மதியம் காளிதாஸ் அழுதுகொண்டே வந்து இறங்கினார். அர்த்தநாரி வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார். காளிதாஸின் கையில், கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவரும் கோடிச் சேலை.

பாவாயி அந்தச் சேலையை எடுத்துவந்து ஸ்டுடியோ மேசையில் வீசினாள்.

"ஏம் புள்ள, எம் புருசன் உசுரோட இருக்கறப்பவே எனக்குக் கோடி வருது. எல்லாம் நீ மாட்டுன படத்தால."

"தப்புத்தானுங்கக்கா. ஆனா சனம் அந்தப் படத்துக்கு முன்னாலதான் நிக்குது. கீழ எழுதுனதயும் படிக்குது."

"படிக்குதா? எழவு விசாரிக்குது! அத்தன ஆசையா இருந்தா உன்ற மூஞ்சிய மாட்டிக்க."

"குழி வெட்டுனது அவருதானுங்களே..."

பாவாயி அவளை முறைத்தாள். "அவருதான் வெட்டுனாரு!" என்று சொல்லிவிட்டு, சேலையை அங்கேயே போட்டுவிட்டுப் போனாள்.

நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பும் கண்ணை மறைக்கும். சுவரில் மாட்டிய முகத்துக்கு ஒரு வீடு உண்டு என்பது தேவிப்ரியாவுக்கு அதுவரை தோன்றவில்லை.

அன்றே படத்தைக் கழற்றினாள். அடுத்த சந்தையன்று அதே ஆணியில் அவளுடைய முகம் தொங்கியது. அதே அளவு, அதே கறுப்பு வெள்ளை, கீழே அதே எழுத்து.

"கல்யாணத்துக்குப் படம் புடிக்கிறவ எழவுப் படமாத் தொங்குனா எவன் கூப்புடுவான்?" என்று அவள் கணவன் ஜெயபிரகாஷ் கத்தினான். அவன் சொன்னபடியே ஒரு வீட்டார் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் கழற்றவில்லை. இதைத் துணிச்சல் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அடுத்தவர் முகத்தில் செய்து பார்த்ததை முதலிலேயே தன் முகத்தில் செய்து பார்த்திருக்கலாம்.

கூட்டம் சேர்ந்தது. "ஸ்டுடியோக்காரம்மா எப்பப் போச்சுங்க?"

"அவ எங்க சாவுறா? அங்க டீ குடிச்சுட்டு நிக்கறா பாரு." காய் வாங்க வந்த பாவாயிதான். "கீழ என்ன எழுதியிருக்குது, படிங்க."

அடுத்த வாரத்துக்கு ரிக் வண்டி சொல்லிவைத்திருந்த வேல்முருகன் படித்தார். "ஆறடி ஆழக் குழி..."

"ஆறடியா? பொய்யி. எட்டடி. கூடை கூடையா மண்ணு சொமந்தவ நானு. எங்கிட்டக் கேட்டாளா அவ?"

தேவிப்ரியாவின் கை கேமராப் பைக்குப் போயிற்று.

"படம் கிடம் புடிச்சே, பொட்டிய ஒடச்சுப்போடுவேன்!"

கை திரும்பி வந்தது.

"ஏனுங்கக்கா, அடியில கல்லா, மணலா?" என்று வேல்முருகன் கேட்டார்.

"மொதல்ல அந்த ரிக்குக்காரனுக்குப் போனப் போட்டு வேண்டாம்னு சொல்லு," என்றாள் பாவாயி. "அப்பறம் சொல்றேன்."