ஊதக் கூடாத ட்ராம்போன்

பித்தளைக் குழல் ஊதுகிறவன் உட்கார்ந்து எழுந்த இடம் ஈரமாக இருக்கும். மூச்சு குழலுக்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகிறது. குழலின் அடியில் ஒரு சின்னச் சாவி உண்டு. அதை அழுத்தித் தண்ணீரைத் தரையில் விட்டுவிடுவார்கள். எச்சில் என்று நினைத்துப் பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட எனக்கு இது தெரியும். நான் சொல்லப்போகும் இரண்டு கண்டக்டர்களுக்குத் தெரியுமா என்பது சந்தேகம்தான். அவர்கள் தரையைப் பார்க்கிற ஆட்கள் இல்லை.

கண்டக்டர் என்றால் பஸ்ஸில் சீட்டுக் கிழிப்பவர் அல்ல. மேடையில் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று குச்சி ஆட்டுகிறவர். குச்சியிலிருந்து சத்தம் வராது. அந்த அரங்கத்தில் ஒரு சத்தமும் எழுப்பாதவர்கள் அவர்கள் இரண்டு பேரும் நானும்தான். எங்கள் மூவரில் எனக்கு மட்டும் யாரும் பூங்கொத்துக் கொடுக்கவில்லை.

நான் எந்த வேலையிலும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. பீன்யாவில் பெயிண்ட் அடிக்கும் ஷெட், ஓசூர் ரோட்டில் லாரி கிளீனர், அல்சூரில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் என்று சுற்றிவிட்டு, அந்த வருடம் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் அரங்கத்தில் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தேன். நாற்காலி போடுவது, எடுப்பது, மேடையைத் துடைப்பது. அங்கேதான் ஹானர் பேண்ட் வந்தது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் நன்றாக வாசிக்கிற பிள்ளைகளைப் பல பள்ளிகளிலிருந்து பொறுக்கியெடுத்து, வெள்ளி, சனி இரண்டு நாள் ஒத்திகை, ஞாயிறு மதியம் கச்சேரி. பொறுக்கியெடுப்பது என்று அவர்கள் சொன்னார்கள். வாசலில் வந்து நின்ற கார்களைப் பார்த்தால் எதை வைத்துப் பொறுக்கினார்கள் என்று எனக்கு வேறு எண்ணம் வந்தது.

முதல் கண்டக்டர் இந்த ஊர்க்காரர். வெளிநாட்டில் இரண்டு வருடம் சங்கீதம் படித்துவிட்டு, போகும்போது இல்லாத ஒரு இங்கிலீஷோடு திரும்பி வந்தவர். தமிழ் நன்றாகத் தெரியும், ஆனால் வாட்ச்மேனிடமும் என்னிடமும் மட்டும்தான் பேசுவார். இரண்டாமவர் நிஜமாகவே வெளிநாட்டுக்காரர், விருந்தாளி. ஏசி ஓடியும் வேர்த்து ஒழுகக் கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் நின்றார். சரியாக வாசித்தாலும் ‘அமேசிங்’, தப்பாக வாசித்தாலும் ‘அமேசிங்’. இரண்டு பேருடைய குச்சிக்கும் தனித்தனிப் பெட்டி, உள்ளே வெல்வெட்டு. நான் வேலை செய்த இடங்களில் கத்திக்குக்கூட அப்படி ஒரு உறை பார்த்ததில்லை.

அவர்கள் ஏறி நிற்க ஒரு மரப்பெட்டி வேண்டும். நம்மூர்க்காரர் குள்ளம், உயரமான பெட்டி கேட்டார். விருந்தாளி நெட்டை, தாழ்வான பெட்டி போதும் என்றார். ஆகவே இரண்டு பெட்டி, இரண்டுக்கும் சிவப்புக் கம்பளம். ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் ஒன்றை எடுத்து மற்றதை வைப்பது என் வேலை. கச்சேரியன்று போட்டுக்கொள்ளக் கறுப்பு டீ-சர்ட் ஒன்று கொடுத்தார்கள். மேடையில் நான் இருப்பது கண்ணுக்குத் தெரியக் கூடாதாம்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் துடைக்கப் போனேன். கூட இருந்த பெண்கள் இரண்டு பேரும் பிள்ளைகளின் எச்சிலைத் தொட மாட்டோம் என்று நாற்காலிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார்கள். நான் மாப்பை எடுத்துக்கொண்டு பித்தளை வரிசைக்குப் போனேன். ட்ரம்பெட் நாற்காலிகளின் அடியில் ஈரம். ட்ராம்போன் என்று ஒன்று உண்டு, முன்னாலும் பின்னாலும் இழுத்து இழுத்து ஊதுகிற நீளக் குழல். அதற்கு மூன்று நாற்காலிகள். முதல் இரண்டின் அடியிலும் குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. மூன்றாவதன் அடியில் தூசி மட்டும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நாற்காலியில் டம்மி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நானே ஒரு காலத்தில் டம்மிதான்.

சிவாஜிநகரில் கல்யாண பேண்ட் வைத்திருந்த ஒருவரிடம் இரண்டு சீசன் இருந்தேன். பெண் வீட்டார் இருபது பேர் பேண்ட் கேட்பார்கள். ஊதத் தெரிந்தவர்கள் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள். மீதி எட்டுப் பேரைத் தெருவில் பிடித்து, சிவப்புக் கோட்டும் தொப்பியும் மாட்டி, வாய் வைத்து ஊதுகிற மவுத்பீஸில் துணி அடைத்த ட்ரம்பெட்டைக் கையில் கொடுத்து வரிசையில் விட்டுவிடுவார் ஓனர். கன்னத்தை உப்ப வேண்டும், விரலை ஆட்ட வேண்டும், காற்று மட்டும் போகக் கூடாது. அந்த ஓனர் குடிகாரர், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. ஆனால் டம்மியை டம்மி என்றே சொல்வார். ஹானர் என்று சொல்ல மாட்டார்.

சனிக்கிழமை அந்த மூன்றாவது நாற்காலியில் யார் உட்காருகிறார் என்று பார்த்தேன். ஏழாவது படிக்கிற ஒரு பெண். ஒல்லிக் கை. கடைசி வரைக்கும் இழுக்கும்போது தோளே கழன்றுவிடும் போல் சாய்வாள். அவள் போட்டிருந்த யூனிஃபார்ம் மட்டும் வேறு. காரில் வந்த பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எதனுடையதும் இல்லை அது. ஏழைப் பிள்ளைகளுக்கு வாத்தியம் கொடுக்கும் ஒரு டிரஸ்ட் அவளை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டது. வாசல் பேனரில் ஹானர் பேண்ட் பிள்ளைகள் என்று போட்டிருந்த படத்தில் முன்னால் நிற்பது அவள்தான்.

மதியச் சாப்பாட்டு நேரம் அரங்கத்துக்குப் பின்னால் இருக்கும் குழாயில் வாளி பிடிக்கப் போனேன். அவள் மவுத்பீஸைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஊதாத மவுத்பீஸ எதுக்குமா கழுவுற?” என்றேன்.

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “உங்களுக்கு யார் அங்கிள் சொன்னா?”

“தரைதான். மத்த ரெண்டு நாற்காலிக்குக் கீழ தண்ணி. உன்னுதுக்குக் கீழ தூசி.”

மறைக்க ஒன்றும் இல்லை என்று ஆனதும் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை முதல் மணி நேரத்திலேயே கடைசிப் பாட்டில் ஒரு இடத்தில் தாளத்தில் ஒரு தட்டு முன்னாலேயே ஊதிவிட்டாளாம். விருந்தாளி நிறுத்தி, ட்ராம்போன் பக்கம் பார்த்து ‘அமேசிங்’ சொல்லாமல் விட்டாராம். இடைவேளையில் நம்மூர்க் கண்டக்டர் அவளுடைய நாற்காலி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ரொம்ப இனிமையாகப் பேசினாராம். பக்கத்துப் பையனைப் பார்த்து இழு, வாயில் வை, காற்று மட்டும் விடாதே, போட்டோவில் யாருக்கும் தெரியாது என்று.

“நீ இருக்கறது ரொம்ப முக்கியம்மா, உன் சத்தந்தான் வேணான்னாரு. இங்கிலீஷ்ல சொன்னாரு. அர்த்தம் இதான்.”

அவளுக்கு அழுகை வரவில்லை. அவளுடைய கவலை அம்மாவைப் பற்றியது. அம்மா பொம்மசந்திராவில் ஒரு கார்மெண்ட்ஸில் காலர் தைக்கிறாள். மகள் வாசித்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, ஏனென்றால் டிரஸ்ட் ட்ராம்போனை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாது. ஞாயிற்றுக்கிழமை லீவு. இரண்டு பஸ் மாறி முதல் முறையாகக் கேட்க வருகிறாள். அம்மா வந்து எதைக் கேட்பாள் என்றுதான் அந்தப் பெண் யோசித்துக்கொண்டிருந்தாள்.

நான் என் டம்மிக் கதையைச் சொன்னேன். வாளி நிறைய நேரம் ஆகும், அதனால் சொன்னேன். அல்சூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில், ஏன் என்று இன்றைக்கும் தெரியாது, துணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு ஊது ஊதினேன். எருமை கத்தினது மாதிரி வந்தது. மாப்பிள்ளை ஏறியிருந்த குதிரை மிரண்டது.

“அப்புறம்?”

“ஓனர் வந்தான். நடுரோட்டுல தொப்பிய கழட்டினான், கோட்ட கழட்டினான். பனியனோட வீட்டுக்கு நடந்தேன்.”

“அடிச்சானா?”

“இல்ல. வேல போச்சு. வேற வேலைக்குப் போனேன்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

மவுத்பீஸை உதறிச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு நான் எந்தப் புத்தியும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமும் மூன்றாவது நாற்காலியின் அடியில் தூசிதான் இருந்தது.

ஞாயிறு மதியம் அப்பா அம்மாக்கள் வந்தார்கள். முன்வரிசைகளில் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. பெயர் இல்லாதவர்களுக்குப் பின்னால். அந்தப் பெண்ணின் அம்மா கடைசிக்கு முந்தின வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அந்தப் பக்கம் போனபோது ட்ராம்போன் எங்கே உட்காரும் என்று கேட்டாள். காட்டினேன்.

“இங்க வரைக்கும் கேக்குமாண்ணா?”

“ட்ராம்போன் ரோடு வரைக்கும் கேக்கும்” என்றேன். ஊதினால் என்பதைச் சொல்லவில்லை.

முதல் மூன்று பாட்டும் நம்மூர்க் கண்டக்டர். பாட்டைவிடப் பேச்சு அதிகம். இசை எப்படி ஏழை பணக்காரர் வித்தியாசத்தை அழிக்கிறது என்று கால் மணி நேரம் பேசினார். பேசும்போது ட்ராம்போன் வரிசையைக் கைகாட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் குச்சியை எடுத்தார். அவள் இழுத்தாள், கன்னத்தை உப்பினாள், பக்கத்துப் பையனோடு சேர்த்து இறக்கினாள். நல்ல டம்மி. எங்கள் ஓனர் பார்த்திருந்தால் அடுத்த நாளே கூப்பிட்டிருப்பார். பின்னால் அவள் அம்மா போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

நம்மூர்க்காரர் குனிந்து கும்பிட்டார், நிமிர்ந்தார், திரும்பவும் குனிந்தார். நிறுத்துகிற மாதிரி தெரியவில்லை. அவர் இறங்கியதும் நான் உயரப் பெட்டியை எடுத்துத் தாழ்ந்த பெட்டியை வைத்தேன். எடுத்துக்கொண்டு திரும்பும்போது ட்ராம்போன் வரிசையைக் கடந்துதான் போக வேண்டும். அவள் என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கண்ணுக்குத் தெரியாத ஆள் தலையாட்டக் கூடாது.

கடைசிப் பாட்டு விருந்தாளியுடையது. எல்லா வாத்தியமும் சேர்ந்து கத்துகிற பாட்டு. அதில் யார் ஊதுகிறார்கள், யார் ஊதவில்லை என்று என் காதுக்குப் பிடிபடவில்லை. விருந்தாளி கண்ணை மூடிக்கொண்டு முகத்தை மேலே தூக்கிக் குச்சி ஆட்டினார். நடுவில் ஒரு இடத்தில் எல்லோரும் சட்டென்று நிற்பார்கள். அரங்கம் அமைதியாகும். பிறகு பித்தளைகள் எல்லாம் ஒன்றாக விழ வேண்டும். அந்த அமைதிக்குள், மற்றவர்களுக்கு ஒரு தட்டு முன்னால், ட்ராம்போன் பக்கத்திலிருந்து தடித்த ஒரு சத்தம் தனியாக எழுந்தது. உடனே மற்றவையும் வந்து சேர்ந்துகொண்டன. விருந்தாளி கண்ணைத் திறக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நம்மூர்க்காரர் கழுத்தை வெடுக்கென்று திருப்பினார்.

முடிந்ததும் கைதட்டல், பூங்கொத்து, போட்டோ. அந்தப் பெண்ணை முன்னால் இழுத்து இரண்டு கண்டக்டர்களுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். கூட்டம் கலைந்தபின் நம்மூர்க்காரர் நேராக ட்ராம்போன் வரிசைக்கு வந்தார். முதல் நாற்காலிப் பையனைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தும் எண்ணத் தெரியாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். நான் இல்லை சார் என்றான் அவன். அப்படியானால் நீயா என்று இரண்டாமவனிடம் திரும்பினார். அவனும் இல்லை என்றான். பொய் சொல்லாதீர்கள் என்று இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார். மூன்றாவது ட்ராம்போன் பக்கத்திலேயே நின்று குழலைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தது. அவளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊத வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார், அப்புறம் அவள் எப்படி ஊதியிருப்பாள்? வெளிநாட்டில் படித்த காது அப்படித்தான் கணக்குப் போட்டது.

பையன்களைப் பார்த்தால் பாவம்தான். ஆனால் அவர்களுக்காக வாசலில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும் கார் நின்றது. நான் பாவப்பட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

எல்லோரும் போனபின் மாப்பை எடுத்தேன். முதல் நாற்காலியின் அடியில் ஈரம், இரண்டாவதன் அடியில் ஈரம். மூன்றாவதன் அடியில் மற்ற இரண்டையும்விடப் பெரிய குட்டை, நாற்காலிக் கால் வரைக்கும் ஓடியிருந்தது. ஒரு பாட்டுக்கு அவ்வளவு தண்ணீர் வராது. இரண்டு நாள் மூச்சை ஒரே பாட்டில் விட்டிருக்கிறாள். துடைத்தேன், பிழிந்தேன், வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

குழாயடியில் அவளும் அம்மாவும் நின்றார்கள். டிரஸ்ட் ஆட்டோ வர நேரமாகும், தண்ணீர் குடிக்க வந்திருக்கிறார்கள். அம்மாவின் முகம் பளபளவென்று இருந்தது. என்னைப் பார்த்ததும், ரோடு வரைக்கும் கேட்கும் என்று நான் சொன்னது சரிதான் என்றாள். பிறகு மகளிடம் திரும்பினாள்.

“எல்லாம் கப்புனு நின்னுச்சே, அப்ப மொதல்ல ஒரு சத்தம் வந்துச்சுல்ல. அது நீதானடி?”

அவள் ஷூவைப் பார்த்துக்கொண்டே, “ஆமாம்மா” என்றாள்.

“எனக்கு அப்பவே தெரியும். மத்ததுங்க எல்லாம் அப்புறந்தான் ஊதுச்சுங்க. இல்லண்ணா?”

நான் ஆமாம் என்றேன். அது உண்மையும்கூட.