என் பக்கம் தள்ளிய கறித்துண்டு

வெள்ளை எனாமல் பூசிய பெரிய தட்டு அது. விளிம்பைச் சுற்றி நீலக்கோடு ஓடும். ஓரிடத்தில் பூச்சு பெயர்ந்து உள்ளிருக்கும் இரும்பு கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பு என் பக்கம் வரும்படி பார்த்துத்தான் நான் எப்போதும் உட்காருவேன். இப்போது அந்தத் தட்டு பந்தல்குடியில், தூத்துக்குடி சாலையோரத்துச் சாப்பாட்டுக்கடை ஒன்றில், கல்லாவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிறது. லாரிக்காரர்கள் யாராவது அதைக் காட்டிக் கேட்டால், வீட்டுத் தட்டு என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவான் கடைக்காரன். அவன் என் நண்பன்.

அருப்புக்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மாப்ள. எங்கள் பக்கத்தில் முஸ்லிம் வீடுகளுக்கும் எங்கள் வீடுகளுக்கும் இந்த மாமன் மச்சான் முறை தானாகவே உண்டு. அவன் பரளச்சிக்காரன். அவனுடைய அப்பா, அவர்கள் பேச்சில் அத்தா, வளைகுடாவில் ஏதோ முகாமில் சமையல் வேலை பார்த்தார். நான் திருச்சுழிப் பக்கம். மூன்றாவது ஆள் மல்லாங்கிணற்றிலிருந்து வந்த என் பங்காளி, சித்தப்பா மகன். மூவருக்கும் சென்னையில் வேலை கிடைத்து, வேளச்சேரியில் ஒரே அறையில் தங்கினோம். முதல் தடவை ஊருக்குப் போய்த் திரும்பும்போது மச்சான் இந்தத் தட்டைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் வழிநெடுக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். மனிதன் பட்டணத்துக்குப் பெட்டி கொண்டுவருவான், இவன் தட்டைக் கொண்டுவருகிறானே என்று கேலி செய்தோம்.

முஸ்லிம் கல்யாண வீடுகளில் இப்படி ஒரு தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். சகன் என்பார்கள். அதற்கென்று ஒரு மரியாதை உண்டு. நல்ல கறித்துண்டு தன் பக்கம் கிடந்தால் அதை விரலால் மெதுவாக எதிராளி பக்கம் தள்ளிவிட வேண்டும். அவர் திருப்பித் தள்ளுவார். கடைசியில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்துத் தின்றாக வேண்டும். அறைக்கு வந்த முதல் வாரமே எங்களுக்கு இதைப் பழக்கிவிட்டான். பங்காளிக்கு மட்டும் திருப்பித் தள்ளுகிற பழக்கம் கடைசிவரை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊர் சுற்றுவதுதான் வேலை. பாரிமுனைப் பக்கம் பர்மாக்காரர்கள் கலந்துதரும் அத்தோ நூடுல்ஸ், திருவல்லிக்கேணிப் பிரியாணி, சௌகார்பேட்டைச் சந்துகளில் நெய் மிதக்கும் பலகாரம், புதிதாக முளைத்த அரபுக் கடைகளில் பெரிய கறித்துண்டு வைத்த மந்திச் சோறு, பெயரே வாயில் நுழையாத கொரியா நூடுல்ஸ் என்று ஒன்றையும் விடவில்லை. மானாவாரிக் காட்டில் வளர்ந்த எங்களுக்கு எல்லாமே அதிசயம். மச்சானுக்கு மட்டும் அது படிப்பு. பந்தல்குடியில் ரோட்டோரம் ஒரு கடை போடவேண்டும், தூத்துக்குடிக்குப் போகிற வண்டியெல்லாம் அங்கே நிற்கவேண்டும் என்பது அவன் ஆசை. சாப்பாட்டைப் பார்சல் கட்டி அறைக்குக் கொண்டுவந்து தட்டில் கொட்டுவோம். முதல் வாய் அவனுடையது. கண்ணை மூடி மென்றுவிட்டு, பட்டை கூடிப்போச்சு, அரிசி பழசு, உப்பு கம்மி என்று தீர்ப்புச் சொல்வான். தாட்சண்யமே பார்க்கமாட்டான்.

ஒரு கோடையில்தான் அது மாறியது. கறித்துண்டுகளெல்லாம் எங்கள் பக்கமே வர ஆரம்பித்தன. திருப்பித் தள்ளினால் மறுபடி தள்ளுவான். அவன் பக்கம் குழம்பில் ஊறிய சோறு மட்டும் இருக்கும். வாய்க்கு வாய் தண்ணீர் குடிப்பான். ஆளும் மெலிந்தான். நான் என்ன நினைத்தேன்? கல்யாணப் பேச்சு எடுத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை உடம்பைக் குறைக்கிறார் என்று நினைத்தேன். பங்காளியோ, மச்சான் மாதிரி மரியாதை தெரிந்தவன் இந்தச் சென்னையிலேயே கிடையாது என்று புகழ்ந்துகொண்டு அவன் பங்கையும் சேர்த்துத் தின்றான். வேறு ஊர்க்காரனாக இருந்தால், ஏன் சாப்பிடவில்லை என்று முதல் நாளே கேட்டிருப்பான். எங்களுக்கோ அது சகன் முறையாகவே தெரிந்தது.

பங்காளியின் பிறந்தநாளுக்கு மந்தி வாங்கிவந்தோம். வழக்கம்போல் நல்ல துண்டு பங்காளி பக்கம் வந்தது. அன்றைக்கு அவனுக்கு என்ன பாசம் பொங்கியதோ, அந்தத் துண்டை எடுத்து, இன்றைக்கு நீதான் தின்னவேண்டும் என்று மச்சான் வாயிலேயே ஊட்டிவிட்டான். மச்சான் மறுக்கவில்லை. மென்றான், வெகுநேரம் மென்றான். விழுங்கியதும் முகம் மாறியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தண்ணீர் குடித்தால் தண்ணீரும் திரும்பி வந்தது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயிலிருந்து வடிய, ஆட்டோவில் எங்கள் நடுவில் உட்கார்ந்து வந்தான். மருத்துவமனையில் குழாயை உள்ளே விட்டுத் துண்டை எடுத்தார்கள். உணவுக்குழாயில் கட்டி ஒன்று பாதி வழியை அடைத்திருப்பதையும் அப்போதுதான் பார்த்தார்கள். அது புற்று என்று பிறகு உறுதியானது.

எத்தனை மாதமாக இப்படி என்று டாக்டர் கேட்டதற்கு, பொங்கலிலிருந்து என்றான். அப்போது ஆடி மாதம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கட்டிலில் கிடப்பவன் என்றும் பார்க்காமல் திட்டினேன். ஏன் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவன் மெதுவாகத்தான் சொன்னான்.

"சொல்லிருந்தா நீங்க ரெண்டு பேரும் தின்னுருப்பீங்களா மாப்ள? தட்டக் கழுவி மூலையில வச்சிருப்பீங்க."

அது உண்மை. ஆனாலும் என் கோபம் இன்றுவரை தீரவில்லை. முன்பே வந்திருந்தால் வைத்தியம் இத்தனை கடினமாக இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னதை நினைக்கும்போதெல்லாம் அவனை நாலு அறை விடலாம் போலிருக்கும். பங்காளி அன்றிலிருந்து மந்தியைத் தொடுவதில்லை.

கதிர்வீச்சு கொடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், அறுத்தார்கள். அத்தா வளைகுடா வேலையை விட்டுவிட்டு வந்தார். மச்சான் தட்டோடு ஊர் திரும்பினான். இப்போது வயிற்றில் வைத்த குழாய் வழியாகத்தான் கஞ்சி இறங்குகிறது. மருந்தில் நாக்கும் மரத்துப்போயிற்று. மறுபடியும் ஏதோ தெரிகிறது என்று அடுத்த மாதம் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நிலையில் கடை எதற்கு என்று ஊரே கேட்டது. நானும் கேட்டேன். அத்தா அடுப்பைப் பார்த்துக்கொள்வார், நான் கல்லாவில் உட்காருவேன் என்று ஒரே பிடியாக நின்று திறந்துவிட்டான்.

போன வெள்ளிக்கிழமை பங்காளியும் நானும் போயிருந்தோம். ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த மச்சான் தட்டை எடுத்துத் துடைத்தான். அத்தா பிரியாணியைக் கொட்டிவிட்டு அடுப்படி வாசலிலேயே நின்றார். அவனும் கையைக் கழுவிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தான். யாருக்கும் சோற்றில் கை வைக்க மனம் வரவில்லை.

"முதல் வாய் நீதான் மாப்ள. எனக்கு ருசி ஒண்ணும் தெரியாது. பாத்துச் சொல்லு."

மென்றேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்களிடம் மறைத்தவன் அவன். நானும் அவனிடம் மறைத்தால் இந்தக் கடை எந்த நாக்கை நம்பி நடக்கும்?

"உப்பு கம்மி மச்சான்," என்றேன்.

அவன் அடுப்படிப் பக்கம் திரும்பி அத்தாவைப் பார்த்து, "நான் சொல்லல, மாப்ள உள்ளத உள்ளபடி சொல்லிருவான்னு?" என்று சிரித்தான். பிறகு தன் பக்கம் கிடந்த நல்ல துண்டை, பூச்சு பெயர்ந்த அந்தக் கறுப்பு வரைக்கும் விரலால் மெதுவாகத் தள்ளினான். நான் திருப்பித் தள்ளவில்லை. எடுத்துத் தின்றேன்.