சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் வெயில்

மலையே இல்லாத முரசுமோட்டையில், மலையைப் பற்றிப் பேசி நான் பொய்க்காரி என்று பெயர் எடுத்தேன். அப்போது எனக்குப் பத்து வயது.

அந்த ஆனி மாதம் அம்மாவும் நானும் ரயிலில் பண்டாரவளைக்குப் போனோம். அங்கே சின்னம்மா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தார். சித்தப்பாவுக்கு ரயில் நிலையத்தில் வேலை. மலை ஏற ஏற மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலை மூடிய பிறகும் என் மடியில் தண்ணீர் சொட்டியது. அம்மா தலைச்சுற்றுத் தாங்காமல் முந்தானையால் முகத்தை மூடிப் படுத்துவிட்டார். பட்டிப்பொலையைத் தாண்டியதும் ரயில் ஒரு நீண்ட சுரங்கத்துக்குள் புகுந்தது. இருட்டு, கரிப்புகை. வெளியே வந்தபோது பளீரென்று வெயில்! மேகமெல்லாம் மலைக்குப் பின்னால் நின்றுவிட, இந்தப் பக்கம் புல் காய்ந்து கிடந்தது. நான் கத்தியே விட்டேன். அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

சித்தப்பாவைக் குடைந்து காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஊர் திரும்பினேன். வகுப்பில் சொன்னேன். ஆசிரியர் சிரித்தார். அவர் சிரித்தது போதாதா? பெடியன்கள் "மழைப் பொய்க்காரி" என்று வாய்க்கால்கரை நெடுகக் கத்திக்கொண்டு வந்தார்கள். அம்மாவோ, "நான் ஒண்டையும் காணேல்லை" என்று கையை விரித்தார்.

எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் மாமா. அம்மாவின் தம்பி, உழவு மெஷின் ஓட்டுபவர், இன்னும் கல்யாணம் ஆகாதவர். மீசையைத் தடவாமல் அவரால் ஒரு வசனம் பேச முடியாது.

"எடியே, ஒரு மலையிலை ஒரு பக்கம் நனைஞ்சு மற்றப் பக்கம் காயுமோ?"

"ஓம் மாமா. காத்து மலையிலை ஏறேக்கை குளிர்ந்து, மழையை அங்கையே கொட்டிப்போடும். அங்காலை இறங்கேக்கை அதிட்டை ஒண்டும் இருக்காது."

"காத்து ஏன் மினைக்கெட்டு ஏறவேணும்? நான் எண்டால் சுத்திப் போவன்."

"எங்கடை ஊரிலை ஏற மலை இல்லை. அதுதான் சோளகக் காத்து மழையை இறக்காமல் ஓடுது."

"அப்ப வயலுக்குள்ளை ஒரு மலை கட்டுவம்!" என்று தொடையில் அடித்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் கண்டதும் அவருக்கு இன்னும் உற்சாகம். "நீ சொன்னது உண்மையெண்டால் இந்த மீசையை வழிக்கிறன். பொய்யெண்டால் வருசம் முழுக்க என்ரை மாடுகளுக்கு நீதான் தண்ணி காட்டவேணும்."

சரி என்றேன்.

ஆடி கடைசியில் சின்னம்மாவின் பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு. தாய்மாமன் போயே ஆகவேண்டும். வயலில் அரிவு வெட்டு நடந்ததால் வேறு யாராலும் புறப்பட முடியவில்லை. மாமா மட்டும் போனார். அந்த ஒரு கிழமையும் நான் அவருடைய மாடுகளை அடிக்கடி எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

ஒரு காலை, கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது வாசலில் மாமா நின்றார். துவாயால் வாயைச் சுற்றிக் கட்டியிருந்தார். பல்வலி என்று நினைத்தேன். துவாயை அவிழ்த்தார். மேலுதடு மொட்டையாக, வெளிறி, வேறு யாருடையதோ போல இருந்தது.

"மாஸ்டர், பிள்ளை சொன்னது சரி. சுரங்கத்துக்கு இங்காலை கொட்டு மழை, அங்காலை வெயில். என்ரை கண்ணாலை கண்டனான்."

வகுப்பு வாயைப் பிளந்தது. ஆசிரியர் சோக்கை என் கையில் தந்தார். கதிரையில் ஏறி நின்று, கரும்பலகை முட்ட ஒரு மலை கீறினேன். ஒரு பக்கம் மழைக்கோடுகள், மறு பக்கம் சூரியன். என்னைத் துரத்திய பெடியன்கள்தான் முதலில் கைதட்டினார்கள். மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சங்கக்கடை வரை நடந்தார். நான் தேரில் வந்த அம்மன்போல இரு பக்கமும் பார்த்துக்கொண்டு போனேன்.

வழியெல்லாம் சனம் அவரை மறித்து, "வீட்டிலை ஆர் செத்தது?" என்று கேட்டது. அடுத்த கிழமை அவருக்குப் பெண் பார்க்கப் போக இருந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் மாமா என்னையே காட்டினார்.

மாமாவை வென்றுவிட்டேன் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த ரயிலில் எங்கள் ஊரார் ஒருவரும் அவரோடு போகவில்லை. இரண்டு பக்கமும் மழைதான் என்று அவர் சொல்லியிருந்தால் மறுத்துப் பேச ஆளில்லை. தோளில் இருந்த எனக்கு அது விளங்கவில்லை.