லாரி ஆயில்

மலைமேல் சோளக்காடு ஊரில் பனி விலகாத காலை. என் பைக்கின் பழைய ஆயிலை வடித்துக்கொண்டே மெக்கானிக் சொன்னார்: "குளிருக்கு லேசான ஆயில்தானுங்க. லாரிக்கு ஊத்தற கெட்டி ஆயில ஊத்துனா கிக்கரே இறங்காது. மலையில வண்டி ஓட்டறவன் எவனுக்கும் தெரியும்."

ஆயில் வாடை எழுந்தது. எனக்கு எட்டு வயதில் இதே வாடை எங்கள் சமையலறையில் நிறைந்திருந்தது.

அது மார்கழி. அன்று பத்து மணிக்கு அம்மாவுக்கு ராசிபுரத்தில் அங்கன்வாடி வேலைக்கு நேர்காணல். "பஸ் எதுக்கு, வண்டியில கொண்டுபோய் உடறேன்" என்று அப்பா சொன்னதால் பஸ்ஸை விட்டிருந்தாள். ஏழு மணியிலிருந்து அவர் தன் பைக்கை உதைத்தார். கிக்கர் பாதியிலேயே நின்றது.

"குளிருல இறுகிப்போச்சு கண்ணு. அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார், அம்மாவிடம் அல்ல, என்னிடம்.

அம்மா ஆயில் அளவு பார்க்கும் குச்சியைக் கழற்றி விரலால் தொட்டாள். பாகுபோல் ஒட்டியது.

"நேத்து என்ன ஆயிலுங்க மாத்துனீங்க?"

"லாரிக்காரன் குடுத்தது. சும்மா கெடச்சுது."

அவள் புதுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகி, களி கிண்டும் சட்டியை அவர் முன் வைத்தாள்.

"இதுல இறக்குங்க. சுட வச்சுத் தாரேன்."

"களிச் சட்டியிலயா?"

"மொத சம்பளத்துல வேற வாங்கிக்கறேனுங்க."

அடுப்புத் தணலில் ஆயில் இளகியது. திரும்ப ஊற்றியதும் மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. வேலையும் கிடைத்தது. அம்மா சொன்னபடியே புதுச் சட்டி வாங்கினாள்.

மெக்கானிக் புது ஆயிலை ஊற்றினார். தண்ணீர்போல் இறங்கியது. அம்மாவின் நேர்காணலுக்கு முந்தைய மார்கழிகளில் எல்லாம் அப்பாவும் இந்த லேசான ஆயிலைத்தான் ஊற்றியிருந்தார்.