முப்பத்தோராவது சொல்

தேவாலா தேயிலை எஸ்டேட்டில் ஆறுக்குட்டிக்குப் பேர் பதிகிற குமாஸ்தா வேலை. விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள்; அதற்குத் தோட்டத்தில் ‘பிரட்டு’ என்று பேர். மழையோ பனியோ, பதினோரு வருஷமாக அவன் பிரட்டுக்குத் தவறியதில்லை.

மனைவி மருதாம்பாளுக்குத்தான் அந்த மலை ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வருஷமாக மலைக்காய்ச்சல் வந்து வந்து போயிற்று. கொயினா மாத்திரை தின்று காது அடைத்ததுதான் மிச்சம். “சமவெளிக்குக் கூட்டிப் போய்விடு” என்றார் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். எங்கும் வேலையில்லாத காலம் அது. ஊருக்குப் போய் எதைச் செய்வது?

1936 ஆடியில் கடைக்கார அபுபக்கர் ஒரு வாரப் பத்திரிகையை நீட்டினார்.

“குமாஸ்தா, இதப் பாருங்க. எழுத்துப் போட்டியாம். செயிச்சா மெட்ராஸ்ல அச்சாபீசு உத்தியோகம்!”

எட்டே எழுத்துகளைக் கொண்டு சொற்கள் அமைக்க வேண்டும்: க, ப, ர, வ, பி, டு, ட், ம். ஒரு சொல்லில் ஓர் எழுத்து ஒரு முறைதான் வரலாம். ஆசிரியர் எடுத்து வைத்திருப்பது முப்பத்தொரு சொல். அத்தனையையும் அனுப்புகிறவருக்குப் பிழை திருத்தும் வேலை.

பட்டு, கட்டு, வரம், கரம், ரகம் என்று முதல் நாளே பத்துக்கு மேல் வந்துவிட்டன. பிறகு நாளுக்கு ஒன்று வருவதே பாடாயிற்று. ஆபீஸ் காகிதத்தின் பின்புறமெல்லாம் எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதினான். கடைசி நாளன்று முப்பதில் நின்றது. காலையில் வரிசை முன்னால் நின்றபோது சட்டென்று தோன்றியது: பிரட்டு! பி, ர, ட், டு. அன்றைக்கே தபாலில் சேர்த்தான்.

“மெட்ராசுல குளுரு இருக்காதுங்களா?” என்றாள் மருதாம்பாள், கம்பளிக்குள்ளிருந்து.

“வெய்யில் சுட்டெரிக்கும் புள்ள.”

அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது. அன்று சிரித்தாள்.

நாடுகாணிப் பக்கம் பாதை சரிந்து தபால் தடைப்பட்டதால், முடிவு மூன்று வாரம் தாமதமாக வந்தது. முப்பது சொல் சரி. ‘பிரட்டு’ அகராதியில் இல்லை என்று தள்ளியிருந்தார்கள். விடுபட்ட சொல் ‘கரடு’. ஆறுக்குட்டி பிறந்த ஊரின் பின்னாலேயே ஒரு கரடு. சின்ன வயதில் ஆடு மேய்த்த பாறைக்குன்று.

“ஏனுங்க, என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனே” என்றாள் மருதாம்பாள். அவளைக் கேட்கலாம் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

‘பிரட்டு’ தோட்டமெங்கும் வாயில் புழங்குகிற சொல் என்று பத்திரிகைக்கு எழுதினான். ஆசிரியர் முடிவே இறுதியானது என்று ஒரு கார்டு வந்தது.

ஐப்பசியில் மருதாம்பாளின் அண்ணன் ஆறுச்சாமி வந்து, அவளைக் கூடலூர் பஸ்ஸில் ஏற்றிக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனான். கொழுந்து பறிப்பு மும்முரம் என்று எஸ்டேட் துரை ஆறுக்குட்டிக்கு லீவு தரவில்லை. தையில் கடிதம் வந்தது. அது வந்து சேர்வதற்குள் அங்கே அவளுடைய காரியமெல்லாம் முடிந்துவிட்டது.

துரை அன்றைக்கு அரை நாள் லீவு கொடுத்தார். ஆறுக்குட்டி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான். அவள் விட்டுப்போன கம்பளி இன்னும் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மடித்து வைக்காமல் அப்படியே விட்டான்.