ஏழு மணிக்கு அணையும் ரவுட்டர்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு ஜெபமாலை பாதியில் நின்றது. எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து இப்படி நடந்ததே இல்லை.

என் மனைவி ஜெசிந்தாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே? ரிட்டயர்டு டீச்சர். ஏழு மணி ஆனால் ஜெபம். அந்த நேரத்தில் எந்த மெஷினும் வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு காலத்தில் டயல்-அப் மோடம் வைத்திருந்தோம். 'கீ... கர்ர்' என்று கத்திவிட்டுத்தான் இன்டர்நெட்டுக்குள் நுழையும். நுழைந்துவிட்டால் வீட்டு போன் எங்கேஜ்டு. கொடைரோட்டிலிருந்து என் தங்கை கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோவாள். ஏழு மணிக்கு அதன் ஒயரைப் பிடுங்கினாள் ஜெசிந்தா. அப்புறம் லேப்டாப்பில் செருகும் டாங்கிள் வந்தது. அதையும் பிடுங்கினாள். இப்போது சுவரில் ரெண்டு கொம்போடு வைஃபை ரவுட்டர். மெஷின்தான் மாறியது... அம்மணி மாறவில்லை. ஏழு மணிக்கு சுவிட்ச் ஆஃப்.

மாடியில் குடியிருக்கும் சுகன்யாவுக்கும் எங்கள் வைஃபைதான். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண். கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்தி மாசக்கணக்காகிறது. ஊரில் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. "வேலையெல்லாம் நல்லா போகுதும்மா" என்று போனில் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஏழு மணி வழக்கம் அவளுக்கும் தெரியும். அன்றைக்கு ஆன்லைன் இன்டர்வியூவை அதற்கு முன்னாலேயே முடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். அது நீண்டுகொண்டே போயிருக்கிறது. எங்களுக்கு எங்கே தெரியும்? பாதி ஜெபமாலை முடிந்திருக்கும். மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க ஆன்ட்டி... இன்டர்வியூ பாதியில கட் ஆயிருச்சுங்க. மொபைல்ல சிக்னலே எடுக்கலீங்க."

பங்குச் சாமியாரே வந்தாலும் ஜெபத்துக்கு நடுவில் எழுந்திருக்காதவள் ஜெசிந்தா. எழுந்துபோய் சுவிட்சைப் போட்டாள்.

போட்டதும் எரிய ரவுட்டர் என்ன பல்பா? அது நிதானமாகக் கண்ணைத் திறந்து, யோசித்து...

"செத்த நேரம் உக்காரு தாயி. வந்துரும்" என்று சுகன்யாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தது மாதா படத்தை அல்ல — ரவுட்டர் லைட்டை.

பச்சை எரிந்தது. சுகன்யா மாடிக்கு ஓடினாள். ஜெபம் முடிகிறபோது ஜெசிந்தா சத்தமாகவே கேட்டாள்: "மேல இருக்குற பிள்ளைக்கு அந்த வேலை கெடைக்கணும் தாயே." எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் சுகன்யாவுக்கு மெயில் வந்தது. இன்னொரு ரவுண்டு பேச வேண்டுமாம். வியாழக்கிழமை — சரியாக ஏழு மணிக்கு.

"அப்ப நாம எட்டு மணிக்கு ஜெபம் வச்சுக்குவோம். சுவிட்சத் தொட்டுறாதீக" என்றாள் ஜெசிந்தா. என்னமோ தினமும் நான்தான் அணைக்கிற மாதிரி!

சும்மா சீண்டிப் பார்த்தேன். "இம்புட்டு வருசமா ஏழு மணிக்குச் சொன்ன ஜெபம். மாதா கோவிச்சுக்க மாட்டாகளா?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவுகளும் பிள்ளைய வெளியூருக்கு அனுப்பிட்டு வீட்ல காத்துக் கெடந்தவுகதான... அவுகளுக்குத் தெரியாதா?"