நைனா கூப்பிட்டது யாரை

திருப்பதியில் ஒரு முதியோர் காப்பகத்தில் நர்ஸாக இருக்கிறேன். அங்கே பேசுவதற்கும் பயிற்சி உண்டு. நின்றுகொண்டு பேசாதே, அவர் கண்மட்டத்துக்கு உட்கார். 'ஏன்' என்று கேட்காதே. 'எல்லாம் சரியாகிவிடும்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதே. அவர் சொன்னதையே திருப்பிச் சொல், பிறகு வாயை மூடிக்கொண்டிரு. கடைசியில் சொன்னதுதான் எனக்குக் கஷ்டம். வாயாடி என்று பெயரெடுத்தவள் நான்.

ஆனாலும் பலன் இருந்தது. சாயங்காலமானால் ஒரு பெரியவர் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "இன்டிகி போவாலி" என்பார். வீட்டுக்குப் போகணுமாம். மற்றவர்கள் நாளைக்குப் போகலாம் என்று ஏய்ப்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டு நினைப்பாகவே இருக்கிறதா என்று தெலுங்கில் கேட்பேன். மெல்ல ஆரம்பித்து மனைவி, மாடு, கிணறு என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்.

சித்தூர் பஸ்ஸில் திரும்பும்போது எனக்கே ஆற்றாமையாக இருக்கும். யார் யார் அப்பாவோ என்னிடம் பேசுகிறார்கள். என் நைனா பேசுவதில்லை. அம்மா செத்த பிறகு அவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவளைப் பற்றிப் பேச எனக்கு அவரை விட்டால் ஆளில்லை. அந்தப் பேச்சுக்கு ஏங்கிப்போயிருந்தேன்.

ஒரு லீவு நாளில் முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"மனசுல இன்னாவோ வெச்சிக்கினு கீற மாதிரி தெரியுது, நைனா."

"உன் ஆஸ்பத்திரி வேலய எங்கிட்ட காட்டாத. போய் சோறு துன்னு."

அன்று மத்தியானமே கொல்லையிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஓடினேன். கையில் முருங்கைக்காயோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது.

"உன்ன கூப்புடல."

எங்கள் வீடுகளில் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். மூத்த பிள்ளையின் பெயரைத்தான் சொல்வார்கள். நான் பிறந்ததிலிருந்து நைனா என் பெயரால்தான் அம்மாவைக் கூப்பிட்டார். "இன்னா?" என்று அடுப்படியிலிருந்து அவள் குரல் கொடுப்பாள். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் பாப்பா என்பார். அவராகக் கூப்பிட்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில் அது எனக்கு மறந்தே போயிருந்தது.

காயை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கொல்லையிலிருந்து மறுபடியும் என் பெயர் கேட்டது. நான் அடுப்படியில்தான் இருந்தேன். போகவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாகக் கூப்பிட்டார். அம்மா "இன்னா?" என்று கேட்பதற்காக நானும் அவரோடு காத்திருந்தேன்.